முகம் மட்டும் போதுமா?

நம் வீடுகளில் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெரியவர்களின் படங்களைச் சற்று உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தாத்தாவின் தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய கையோ பாதி தெரியும். பாட்டியின் காதோரத்தில் யாரோ ஒரு மணப்பெண்ணின் மாலை நுனி எட்டிப் பார்க்கும். காரணம் வேறொன்றுமில்லை. அது பாட்டிக்கென்று எடுத்த படம் அல்ல. யாருடைய கல்யாணத்திலோ இருபது பேரோடு நின்று எடுத்துக்கொண்ட படம். பாட்டி காலமான பிறகு, "நல்லதாக ஒரு படம் இருக்கிறதா?" என்று பெட்டி பெட்டியாகத் தேடுகிறோம். கடைசியில் அந்தக் கூட்டத்திலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையும் போட்டுவிடுகிறோம். சில வீடுகளில் அதுவும் அகப்படாமல், வாக்காளர் அட்டையில் இருக்கும் படத்தையே பெரிதாக்கும்படி ஆகிவிடுகிறது.

முகம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது வருஷம் அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காத்த பாட்டி அந்தப் படத்தில் இருக்கிறாளா? விடியற்காலையில் அவள் டிகாக்ஷன் இறக்கிய அடுப்பு மேடை எங்கே? அரிவாள்மணைக்கு முன்னால் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்காரும் அந்தத் தோரணை எங்கே? வெற்றிலைப் பெட்டி எங்கே? எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் முகத்துக்கு மாலை போடுகிறோம்.

இத்தனைக்கும் இது படப் பஞ்சம் உள்ள காலம் அல்ல. ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. பிறந்த நாளுக்கு நூறு படம், ஓட்டலில் தோசை வந்தால் நாலு படம் என்று எடுத்துத் தள்ளுகிறோம். வீட்டு மனுஷியை, அவள் இருக்கும் இடத்தில், அவள் செய்யும் காரியத்தோடு சேர்த்து எடுத்த படம் ஒன்று உண்டா என்று கேட்டால்தான் விழிக்கிறோம்.

ஒருவரை அவருடைய சூழ்நிலையோடு சேர்த்துப் பிடிப்பது போட்டோக் கலையில் ஒரு தனி வகை. அதற்குப் பெரிய காமிரா வேண்டியதில்லை. வேண்டியவை ஒரு ஜன்னல், கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் யோசனை, அவ்வளவுதான்!

விறைப்பு வந்த கதை

காமிராவைக் கண்டதும் நம்மவர்கள் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பம் போல் நிற்கிறார்கள்? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1839-ல் பிரான்ஸில் டாகேர் என்பவர் கண்டுபிடித்த முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டபோது, ஒரு படம் தகட்டில் பதியப் பல நிமிஷங்கள் பிடித்தன. சில வருஷங்களில் அது சில விநாடிகளாகக் குறைந்தது. அந்தச் சில விநாடியும் அசையாமல் இருப்பது லேசா? தலை ஆடாமலிருக்கப் பின்பக்கத்தில் இரும்புக் கவை ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அசைந்தால் படம் பாழ்! சிரிப்பை அத்தனை நேரம் முகத்தில் நிறுத்தி வைப்பது மிகவும் சிரமம். ஆகவே சிரிப்புக்கும் இடமில்லாமல் போயிற்று.

நம் நாட்டுக்குப் போட்டோ வந்தபோது இந்த விறைப்பும் கூடவே வந்தது. அதோடு ஸ்டூடியோவும் வந்தது. 1892-ல் ஹைதராபாத்தில் ராஜா தீனதயாள், கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்டூடியோ திறந்தார். அங்கே படம் எடுத்தவரும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணிதான். அந்நிய ஆண்கள் கண்ணில் படாத பெண்களுக்கும் ஒரு படம் கிடைத்தது என்றால், அது சாமானிய விஷயமா? ஆனால் ஸ்டூடியோ என்றால் பின்னால் ஒரு திரைதானே? நம் ஊர் ஸ்டூடியோக்களில் திரையிலே தாஜ்மகால் இருக்கும். மாளிகைப் படிக்கட்டு இருக்கும். பக்கத்தில் காகிதப் பூ ஜாடி ஒன்று இருக்கும். தாஜ்மகாலைக் கண்ணாலும் காணாத தம்பதிகள் அதன் வாசலில் நிற்பார்கள். அழகாகத்தான் இருக்கும். அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நிற்கும் படம் ஒன்று மட்டும் இருக்காது!

இப்போது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் படம் விழுந்துவிடுகிறது. இரும்புக் கவை போய்விட்டது. விறைப்பு மட்டும் போக மறுக்கிறது.

ராட்டையும் பியானோவும்

1946-ல் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் பர்க்-வைட் என்ற பெண்மணி புனாவுக்கு வந்தார், காந்தியடிகளைப் படம் எடுப்பதற்காக. ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டால்தான் அனுமதி என்று காந்தியின் செயலாளர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் உட்கார்ந்து நூற்கப் பழகினார். காந்திக்குக் கண் கூசும் வெளிச்சம் பிடிக்காது என்பதால், மூன்றே மூன்று பிளாஷ் பல்புகளுக்குத்தான் உத்தரவு கிடைத்தது.

கிடைத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ராட்டை முன்னால் பெரிதாக இருக்கிறது. அதற்குப் பின்னால் காந்தி தரையில் உட்கார்ந்து காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். கவனியுங்கள்: அவர் நூற்கவில்லை, காமிராவைப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் அந்த மனிதருக்கும் ராட்டைக்கும் உள்ள சம்பந்தத்தை வேறு எந்தப் படமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. யாரைப் படம் எடுக்கிறோமோ அவருக்கு எது பெரிதோ, அது படத்திலும் பெரிதாக இருக்கலாம். சாமான் முன்னே, மனிதர் பின்னே என்று வைத்தாலும் குறைவில்லை.

அதே 1946-ல் நியூயார்க்கில் ஆர்னால்டு நியூமன் என்ற இளைஞர், இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற சங்கீத மேதையைப் படம் எடுத்தார். பெரிய பியானோவின் மூடி திறந்து நிற்கிறது. படத்தின் பெரும் பகுதியை அந்தக் கறுப்பு மூடியே அடைத்துக்கொள்கிறது. மேல்நாட்டார் சங்கீதம் எழுதும்போது ஸ்வரத்தைச் சற்றே இறக்குவதற்கு 'ஃப்ளாட்' என்று ஒரு குறி போடுவார்கள். அந்த மூடி அச்சாக அந்தக் குறியைப் போலவே இருக்கிறது. மேதையோ கீழே ஒரு மூலையில், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சிறியதாகத் தெரிகிறார். இந்தப் படத்தை எடுக்கச் சொன்ன 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகை அதை வெளியிடாமல் ஒதுக்கிவிட்டது! இன்று ஸ்ட்ராவின்ஸ்கி என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்தப் படம்தான். முகத்தை நடுவில் வைத்துச் சட்டம் முழுவதும் நிரப்பவேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

முதலில் இடம், பிறகு ஆள்

சாதாரணமாக ஆளைப் பார்த்துப் படம் எடுக்கிறோம். பின்னால் என்ன இருக்கிறதென்று பிறகுதான் தெரிகிறது. பாட்டியின் தலையிலிருந்து ஜன்னல் கம்பி கொம்பு மாதிரி முளைத்திருக்கும். அல்லது அலமாரித் தட்டு கழுத்தை வெட்டிக்கொண்டு போகும். இதற்கு உபாயம் சுலபமானது. ஆளை உட்கார வைக்கும் முன்பே, காலி இடத்தைக் காமிராவில் பாருங்கள். நாற்காலி, மேடை, தூண், கதவு எல்லாம் எங்கெங்கே விழுகின்றன என்று தெரிந்துவிடும். கொம்பு முளைத்தால் நீங்கள் ஒரு சாண் நகருங்கள். பாட்டியை நகர்த்த வேண்டாம்.

அடுத்தபடியாக, எதை வைப்பது, எதை எடுப்பது என்ற கேள்வி. பிளாஸ்டிக் வாளி, துடைப்பம், காலி அட்டைப் பெட்டி இவை ஒன்றும் சொல்லாதவை, அப்புறப்படுத்துங்கள். அதற்காகச் சமையலறையைப் பொருட்காட்சி போலத் துடைத்து வைத்துவிடாதீர்கள். பித்தளை பில்டரும், அஞ்சறைப் பெட்டியும், கரி பிடித்த வாணலியும்தான் அந்த அறையின் கதையைச் சொல்பவை. பாட்டியின் பெயரைச் சொல்லாமலே அவளை அடையாளம் காட்டும் சாமான்கள் மூன்றோ நாலோ இருந்தால் போதும்.

பிறகு, படத்தை மனத்திற்குள் நெடுக்காக மூன்று பங்கு போடுங்கள். ஆளை ஓரப் பங்கு ஒன்றில் வைத்து, அவர் பார்க்கும் பக்கத்தில் மற்ற இரண்டையும் விட்டால், அந்த இடத்தில் சூழ்நிலை தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய வீடாக இருந்தால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருப்பவரை எடுங்கள். நிலைப்படியே சட்டமாக அமைந்துவிடும்.

இன்னும் ஒன்று, இது மிக முக்கியம்: காமிரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குபவரை நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் மூக்கு நுனியும்தான் விழும். பார்ப்பவருக்கும் அவர் தாழ்ந்தவராகத் தெரிவார். நீங்களும் தரையில் உட்காருங்கள். மரியாதையும் படத்தில் பதியும்.

செல்போன்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அதிலுள்ள சாதாரண லென்ஸ் அகலப் பார்வை உடையது. முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுங்கள். இரண்டாவது, பின்னணியை மங்கலாக்கும் வித்தை ஒன்று அதில் இருக்கிறது அல்லவா? மற்ற சமயங்களில் அது அழகுதான். இங்கே அதை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். பாட்டியின் அடுப்பைக் காட்டத்தான் இத்தனை பாடும். அதைப் பனிமூட்டம் ஆக்கிவிட்டால் என்ன பிரயோஜனம்? முகச் சுருக்கத்தை அழிக்கும் வித்தைக்கும் இதே தண்டனை!

ஜன்னல் என்னும் விளக்கு

வீட்டில் உள்ள மிக நல்ல விளக்கு எது தெரியுமா? நேர் வெயில் விழாத ஜன்னல்தான். அதற்கு மின்சாரக் கட்டணம்கூடக் கிடையாது!

ஆளை ஜன்னலிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி உட்கார வையுங்கள். முகம் ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம், முதுகைக் காட்டியும் வேண்டாம், சாய்வாகத் திரும்பியிருக்கட்டும். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் மெல்லிய நிழலிலும் இருந்தால்தான் முகத்துக்கு உருண்டை வரும். நிழல் அதிகமாகக் கறுத்தால், அந்தப் பக்கத்தில் வெளுத்த எட்டு முழ வேட்டி ஒன்றை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தைத் தொடும். தொழில்காரர்கள் இதற்கென்றே தனிச் சாமான் வாங்குகிறார்கள். நமக்கு வேட்டி போதும்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வெளிச்சம் வேறொரு நிறம். இரண்டும் கலந்தால் முகம் ஒரு பக்கம் சோகை பிடித்தது போலவும், மறு பக்கம் மஞ்சள் பூசியது போலவும் தெரியும். காமிராவின் பிளாஷும் வேண்டாம். அது எதிரிலிருந்து அறைந்து, நிழலையெல்லாம் துடைத்துவிடும்.

வாசல் திண்ணையிலோ மாடியிலோ எடுப்பதானால் உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். கண்கள் இரண்டும் குழியாகிவிடும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு எடுங்கள். மத்தியானம்தான் முடியும் என்றால், திண்ணையின் நிழலில் விளிம்பை ஒட்டி உட்கார வைத்தால் போதும்.

கண்ணைக் கவனியுங்கள். கருவிழியில் ஜன்னல் சிறு புள்ளியாகத் தெரிந்தால் கண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் தலையைச் சற்றே திருப்பச் சொல்லுங்கள். மூக்குத்தி உள்ளவர்களுக்கு அதே சமயத்தில் அதுவும் ஒரு மின்னல் காட்டும். மூக்குக் கண்ணாடி பளபளத்தால் முகவாயை ஒரு விரற்கடை தாழ்த்தினால் சரியாகிவிடும். செல்போனில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தை ஒரு மாத்திரை குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவையும் நரைத்த தலையும் வெளிறிப் போகாமல் இருக்கும். இட்லிப் பானையின் ஆவி படத்தில் தெரியவேண்டுமென்றால், அதற்குப் பின்புறமிருந்து வெளிச்சம் வரவேண்டும். அதற்கும் பின்னால் இருட்டான சுவர் இருக்கவேண்டும்.

வெளிச்சம் விளையாட்டல்ல. மேலே சொன்ன நியூமன், 1963-ல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரீட் க்ருப் என்ற தொழிலதிபரை அவருடைய தொழிற்சாலையிலேயே படம் எடுத்தார். யுத்த காலத்தில் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கிய குற்றத்துக்காக 1948-ல் தண்டனை பெற்றவர் அவர். நியூமனோ யூதர். விளக்குகளை இருபுறமும் வைத்து, சற்று முன்னால் குனியச் சொன்னார். நிழல் விழுந்த விதத்தில் அந்த முகம் பூதாகாரமாக ஆகிவிட்டது! விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே தீர்ப்பும் இருக்கிறது. நம் பாட்டிக்கு நாம் சொல்லவேண்டிய தீர்ப்பு அன்பு. ஆகையால் ஜன்னலின் மெல்லிய வெளிச்சத்தையே கேளுங்கள்.

"சிரியுங்கள்" என்று சொல்லாதீர்கள்

படத்தில் முகத்துக்கு அடுத்தபடி பேசுவது கை. காமிராவுக்கு முன்னால் நிற்பவருக்குத் தம் கையை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கவலை. அந்தக் கவலையைத் தீர்க்க ஒரே வழி, கைக்கு வேலை கொடுப்பது. பூத் தொடுக்கட்டும், கீரை ஆயட்டும், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கட்டும். பாசாங்கு வேலை வேண்டாம், நிஜ வேலையாக இருக்கட்டும். காலிக் கிண்ணத்தில் கரண்டியைச் சுற்றினால் கை காட்டிக் கொடுத்துவிடும்.

ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் என்பவர் தம் நாட்டின் பல தொழில்காரர்களையும் படமாகப் பிடித்து வைத்தார். 1928-ல் எடுத்த மிட்டாய்ப் பலகாரக்காரர் ஒருவருடைய படம் பிரசித்தமானது. வெள்ளை அங்கி, கனத்த உடம்பு, கையில் பெரிய பாத்திரம். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தம் சமையலறையில் ஒரு மகாராஜா நிற்பதுபோல் நிற்கிறார்! ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் அந்தக் கம்பீரம் வந்திருக்குமா?

முதல் பத்து நிமிஷம் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் வீண்தான். அவை பழக்கத்துக்காக. அதன் பிறகு பேச்சுக் கொடுங்கள். "இந்த வாணலி யார் வாங்கியது, பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும்போது வாய் கோணும், அப்போது எடுக்காதீர்கள். சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பழைய நாளை நினைத்துக்கொண்டு ஒரு விநாடி மௌனமாக இருப்பாள் பாருங்கள், அதுதான் முகூர்த்தம்.

நிற்பவராக இருந்தால் பாரத்தை ஒரு காலில் போட்டு நிற்கச் சொல்லுங்கள். தோள்கள் காமிராவுக்கு நேராக இல்லாமல் சற்றுத் திரும்பியிருக்கட்டும். தூணிலோ கதவிலோ சாய்ந்துகொண்டால் உடம்பு தானே தளரும். சாய்வு நாற்காலியில் பத்திரிகை படிக்கும் அப்பாவை எழுப்பவே வேண்டாம். அவருக்கு அதைவிட நல்ல தோரணை எந்தப் போட்டோக்காரராலும் சொல்லித்தர முடியாது.

அழுக்குப் புடவை வழக்கு

இனி, எல்லாவற்றையும்விடச் சிக்கலான விஷயம். காமிராவை எடுத்ததுமே வீட்டில் இப்படி ஒரு வழக்கு ஆரம்பமாகும்:

"அம்மா, அப்படியே இரேன். ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்."

"நன்றாக இருக்கிறதடி! அழுக்குப் புடவையும் நானும்! தலைகூட வாரவில்லை. இரு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"பட்டுப் புடவையோடு எடுத்ததுதான் நூறு இருக்கிறதே, அம்மா!"

"இதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அடுப்பங்கரையில் கழிந்ததே போதும், படத்திலாவது அதைவிட்டு வெளியே வருகிறேன் என்று ஒருத்தி நினைத்தால் அது தவறா? ஆகவே அவள் இடம் எது என்பதை நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. அவளையே கேட்கவேண்டும். சில அம்மாக்கள் சமையலறையைச் சொல்ல மாட்டார்கள். தையல் மிஷின் பக்கம் கையைக் காட்டுவார்கள். மாடியில் வளர்க்கும் ரோஜாத் தொட்டிகளைச் சொல்வார்கள். மத்தியானம் எல்லோரும் போன பிறகு கதைப் புத்தகத்தோடு தனியாக உட்காரும் ஜன்னலோரத்தைச் சொல்வார்கள். வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியாத ஓர் இடம் அன்றைக்குத் தெரியவரும். ஆசிரியையாக இருந்தால் கரும்பலகை, நர்ஸாக இருந்தால் வார்டு என்று, வேலை பார்க்கும் இடத்தையும் விரும்பலாம். அங்கே மேலதிகாரியின் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. வார்டில் நோயாளிகள் யாரும் படத்தில் விழக்கூடாது.

புடவை வழக்கையும் சமாதானமாகத் தீர்க்கலாம். முதலில் பட்டுப் புடவையில் அவள் ஆசைப்படி ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மனம் குளிர்ந்த பிறகு, அவளுக்குப் பிடித்த நூல் புடவையில், அவள் சொன்ன இடத்தில் இன்னொன்று. எடுத்ததை உடனே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். உறவினர் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள். கடைத்தெருவில் பூக்காரம்மாவையோ காய்கறிக்காரம்மாவையோ எடுப்பதானாலும் இதே தர்மம்தான். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததில் ஒரு பிரதியை மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டில் எப்போதும் காமிரா பிடிப்பவரே பெண்மணியானால் வேறொரு சங்கடம். எல்லோரும் படத்தில் இருப்பார்கள். அவர் மட்டும் இருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்கள் பத்து வயதுப் பிள்ளையிடமோ பெண்ணிடமோ செல்போனைக் கொடுத்து, மேலே சொன்ன ஜன்னல் வித்தையைக் கற்றுக் கொடுங்கள். குழந்தைகள் கண் உயரத்திலிருந்தே பார்ப்பார்கள். அம்மாவும் அவர்கள் முன்னால் விறைக்க மாட்டாள்.

கடைசியாக ஒரு வேலை

எடுத்த படம் செல்போனுக்குள்ளேயே கிடந்தால், போன் கெட்டுப்போகும் அன்றைக்குப் படமும் போய்விடும். நல்லதாக ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, போட்டோக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், ஊர், தேதி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை ஒரு வரி. பெயர் எழுதாத காரணத்தால் யாரென்றே தெரியாமல் போன முகங்கள் ஒவ்வொரு வீட்டு ஆல்பத்திலும் எத்தனை இருக்கின்றன!

முகம் மட்டும் உள்ள படத்தைப் பார்த்தால், நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தை, "இது யார்?" என்று கேட்கும். "உன் கொள்ளுப்பாட்டி" என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த மாதிரிப் படத்தைக் காட்டினால், "பாட்டி என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாள்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று அது கேட்கும். பதில் சொல்ல உங்களுக்கு ஒரு மத்தியானம் பிடிக்கும்.